மூன்றாம் லேனில் ஒரு கீறல்

அன்று தொடக்கக் கோட்டுக்குப் பின்னால் இருந்தவர்களைச் சொல்கிறேன். ஸ்டார்ட்டர் இத்ரீஸ் சார், சூடான்காரர், கையில் துப்பாக்கி, காதில் ஹெட்போன். முந்திப் பாய்வதைப் பிடிக்கிற மிஷினுக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர். ரெஃபரி, ஐம்பது வயதுப் பெண்மணி. டி.வி.க்காரன் ஒருவன். ஓட்டக்காரிகள் கழற்றும் மேலுடுப்பைக் கூடையில் எடுத்துப் போக எட்டு மாணவிகள். என்னோடு வேலை செய்த ஸ்டான்லி அண்ணன், கேரள எல்லையில் பனச்சமூட்டுக்காரர். நான். எட்டு லேனில் எட்டுப் பெண்கள். அதில் மூன்றாவது லேனில் ஃபௌசியா, பாகிஸ்தான்.

பாறசாலையில் எங்கள் பக்கத்து விளையாட்டு கிளப் மலர் போடுகிறது. வளைகுடாவில் ஸ்டேடியத்தில் இருந்தவர், ஏதாவது எழுதித் தாருங்கள் என்று பிள்ளைகள் கேட்டார்கள். நான் எட்டாம் வகுப்பு வரைதான். எழுத்து வராது என்று சொல்லிவிட்டேன். போன மாசம் ஸ்டான்லி அண்ணன் போன் செய்தார். அந்த ஸ்டேடியத்தின் பழைய ட்ராக்கை உரித்துக் களைகிறார்களாம். புது ரப்பர் போடப் போகிறார்களாம். போனை வைத்த பிறகு நோட்டை எடுத்தேன்.

நான் ஓடினவன் அல்ல. இருபத்தி மூன்று வருஷம் ஸ்டார்ட்டிங் பிளாக் வைத்தவன். ஓடுகிறவர்கள் கால் ஊன்றிப் பாய்கிற இரும்புக் கட்டை, அதுதான் பிளாக். அதற்கு முன்னால் வெள்ளறடைப் பக்கம் ரப்பர் வெட்டினேன், மரத்தில் பால் எடுக்கிற வேலை. ஆறு வருஷம். விசா கிடைத்தது, போனேன். முதலில் புல் வெட்டும் வேலை. ஒரு நாள் பிளாக் வைக்கிற ஆள் வரவில்லை. ஸ்டான்லி அண்ணன் என்னைக் கைகாட்டினார். "இவன் ரப்பர்காரனாக்கும். ட்ராக்கும் ரப்பர்தானே" என்றார். அப்படிச் சேர்ந்தேன்.

வேலை இதுதான். பிளாக்குக்கு நடுவில் ஒரு நீளத் தண்டு, அதன் மேல் கால் ஊன்ற இரண்டு பலகை. தண்டுக்கு அடியில் ஆணிப் பற்கள். கோட்டிலிருந்து அளந்து தண்டை லேனின் நடுவில் இறக்க வேண்டும். முன்பக்கம் ஒரு மிதி, பின்பக்கம் ஒரு மிதி. பிறகு குதிகாலால் பின்னோக்கி ஒரு உதை. அசைந்தால் எடுத்து மாற்று. அசையாவிட்டால் வயரை மாட்டு. வயர் மிஷினுக்குப் போகிறது. துப்பாக்கி வெடிக்கும் முன் எவள் கால் தள்ளினாலும், பிளாக்கே வழுக்கினாலும் மிஷின் கத்தும். கத்தினால் அவள் வெளியே. இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

இன்னொரு விதி உண்டு. எந்தப் புத்தகத்திலும் இல்லை, எங்களுக்குள் உள்ளது. பழைய ஓட்டையில் இறக்கக் கூடாது. ஒரு ஓட்டம் முடிந்து எடுத்த பிளாக்கை அடுத்த ஓட்டத்துக்கு அதே ஆணித் துளையில் வைத்தால் பிடிக்காது. ஒரு விரல் தள்ளி வைக்க வேண்டும். மத்தியான வெயிலில் ட்ராக் இளகிக் கிடக்கும். அப்போது இரண்டு விரல். மிதிக்கும்போது இறங்கினது போலத்தான் இருக்கும். உதைத்தால்தான் தெரியும்.

இத்ரீஸ் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். உயரம். பேச்சு குறைவு. என்னைவிடக் குறைவு. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் எட்டாம் லேனில் தொடங்கி ஒன்று வரை நடப்பார். ஒவ்வொரு பிளாக்கிலும் தன் ஷூ முனையை வைத்து அழுத்துவார். சரியில்லை என்றால் சத்தம் போட மாட்டார். அந்தப் பிளாக்குக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். நாங்கள் ஓடிப் போய்ச் சரி செய்யும் வரை நிற்பார். மந்திரி வந்து உட்கார்ந்திருந்தாலும் நிற்பார். சரியானதும் அடுத்த லேனுக்குப் போவார். அவர் என்னைத் திட்டி நான் கேட்டதில்லை. அவர் பக்கத்தில் வந்து நிற்பதற்குத் திட்டு எவ்வளவோ மேல்.

ஃபௌசியாவை முதலில் பார்த்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. கணுக்கால் வரை உடுப்பு, முழுக்கை, தலையில் இறுக்கிக் கட்டின துணி. கூட வந்தவர் மானேஜர் மட்டும். கோச் இல்லை. பயிற்சி நேரத்தில் வந்து பிளாக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள். சுத்தியல் எங்கே என்று.

பாகிஸ்தான் டிரைவர்களோடு ஒரே ரூமில் கிடந்ததால் எனக்கு அந்தப் பேச்சு கொஞ்சம் வரும். அவள் ஊரில் மண் ட்ராக். பிளாக்கை மண்ணில் வைத்து ஆணி அடிப்பார்களாம். இங்கே சுத்தியல் இல்லை, கால்தான் என்றேன். கேட்டு நின்ற பெண்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நெய்யாற்றின்கரையில் நான் பார்த்த பள்ளிக்கூட ஓட்டத்திலும் ஆணிதான் அடித்தார்கள். சுத்தியல் காணாமல் போய் கருங்கல்லால் அடித்ததும் உண்டு.

அவள் அளவு எடுத்த விதம் எனக்குப் பிடித்தது. டேப் இல்லை. கோட்டிலிருந்து குதிகாலும் பெருவிரலும் முட்ட அடி வைத்து அளந்தாள். ஒன்றே முக்கால் அடியில் முன்பலகை. அங்கிருந்து இன்னொரு ஒன்றரை அடியில் பின்பலகை. இரண்டு தடவை அளந்தாள். இரண்டும் ஒன்றுபோல் வந்தது. பெரிய பெரிய நாட்டுக்காரிகள் கோச் சொன்ன எண்ணைச் சொல்லி எங்களை வைக்கச் சொல்வார்கள். இவள் கடைசி வரை தன் பிளாக்கைத் தானே அளந்தாள்.

அந்தத் தடவை ஓட்டத்தில் எட்டு பேரில் ஏழாவதாக வந்தாள். ஓட்டம் முடிந்தால் யாரும் தொடக்கக் கோட்டுக்குத் திரும்பி வருவதில்லை. அந்தப் பக்கமே போய்விடுவார்கள். அவள் நூறு மீட்டர் நடந்து திரும்பி வந்தாள். பிளாக்கைக் கழற்றும்போது அடியில் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். இத்ரீஸ் சார் தலையசைத்தார். காட்டினேன். ஆணிப் பற்களைத் தொட்டுப் பார்த்தாள். சுக்ரியா சாச்சா என்றாள். சாச்சா என்றால் சித்தப்பா. அன்றைக்கு எனக்கு முப்பத்தெட்டு வயது.

மூன்று வருஷம் கழித்து மறுபடி வந்தாள். உடம்பு மாறியிருந்தது. தோள் திரண்டிருந்தது. பாய்ச்சலும் மாறியிருந்தது. நாங்கள் ஓட்டக்காரிகளின் முகத்தைப் பார்ப்பதில்லை, முதுகைத்தான் பார்ப்போம். பாய்ந்ததும் சட்டென்று முதுகு நிமிர்ந்தால் அவள் சரியில்லை. மெல்ல நிமிர வேண்டும். இவள் முப்பது மீட்டர் வரை குனிந்தே போனாள். ஸ்டான்லி அண்ணன் என் முழங்கையில் இடித்தார்.

அறுபதாவது மீட்டரில் தொடையைப் பிடித்தாள். தசை அறுந்துவிட்டது. மற்ற பெண்கள் போய்ச் சேர்ந்தாயிற்று. இவள் உட்காரவில்லை. லேனை விட்டு விலகவும் இல்லை. ஒரு காலை இழுத்து நடந்தாள். ஸ்ட்ரெச்சர்காரர்கள் ஓடி வந்தபோது வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

"கல்யாணப் பெண்ணைக் கூட்டிட்டுப் போற நடையாக்கும் இது" என்றார் ஸ்டான்லி அண்ணன். கொஞ்ச நேரம் பார்த்தார். "கோட்டுக்க மேல ஏறாம போறா பாத்தியா" என்றார்.

அடுத்த ஓட்டத்துக்கு நேரமாயிற்று என்று டி.வி.க்காரன் கத்தினான். இத்ரீஸ் சார் துப்பாக்கியைக் கீழே தொங்கவிட்டு நின்றார். அவள் கோட்டைத் தாண்டும் வரை நின்றார். நேரப் பலகையில் அவள் பேருக்கு நேராக நேரம் வந்தது. நாற்பது நொடிக்கு மேல். அவளுக்கு அது போதும். நேரம் இல்லாமல் ஊருக்குப் போனால் ஓடவே இல்லை என்று எழுதிவிடுவார்களாம். அதை அவள் பிறகு சொன்னாள்.

மூன்றாவது தடவை வந்தபோது அவளுக்கு இருபத்தியாறு. ஓட்டத்துக்கு முந்தின நாள் காலையில் பயிற்சிக்கு வந்தாள். பிளாக்கை அளந்து வைத்துவிட்டு நிழலில் உட்கார்ந்தாள். நான் தண்ணீர் கொடுத்தேன். அவளாகவே சொன்னாள். ஊரில் ஒரு சர்க்கார் துறைக்காகத்தான் ஓடுகிறாள். வேலையும் அதில்தான், சாப்பாடும் அதில்தான், பயிற்சியும் அதில்தான். பழைய காயத்தைச் சொல்லி அவளை எடுத்துவிட்டு இளையவள் ஒருத்தியைப் போடப் பார்க்கிறார்கள். கடைசியாக ஒரு வாய்ப்பு. இந்த மைதானத்தில், இந்த நூறு மீட்டரில், பன்னிரண்டு நொடிக்குள் ஓட வேண்டும். பன்னிரண்டே வந்தால் போதாது. அதற்குள் வர வேண்டும். இல்லையென்றால் வேலையும் ஓட்டமும் இரண்டும் போகும்.

இதுவரை உன் சிறந்த நேரம் எவ்வளவு என்று கேட்டேன்.

பன்னிரண்டு புள்ளி பூஜ்யம் நான்கு என்றாள்.

பிளாக்கை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அதை நான் சொல்லியிருக்க வேண்டாம்.

மறுநாள். மொத்தம் நான்கு ஹீட், எட்டு எட்டுப் பேராக ஓடுகிற முதல் சுற்று. அவள் இரண்டாவது ஹீட். வெயில் உச்சியில் நின்றது. முதல் ஹீட்டில் ஒருத்தி விழுந்ததால் பத்து நிமிஷம் தாமதம். டி.வி.க்காரன் கையை ஆட்டிக்கொண்டே இருந்தான். எனக்கு ஒன்று முதல் நான்கு லேன். அண்ணனுக்கு ஐந்து முதல் எட்டு. மூன்றாம் லேன் பிளாக்கை இறக்கினேன். முதல் ஹீட்டுக்காரியும் ஏறக்குறைய அதே அளவு வைத்திருந்தாள். பல்லுக்குப் பழைய துளை தட்டுப்பட்டது. தெரிந்தது. எடுத்து மாற்ற வேண்டும். அந்த நேரம் ஃபௌசியா பின்னால் வந்து நின்றாள். முன்னால் ஒரு மிதி, பின்னால் ஒரு மிதி. இறங்கிவிட்டது என்று நினைத்தேன். அவள் அடி வைத்து அளந்தாள், பலகையை மாட்டினாள், ஒரு தடவை பாய்ந்து பார்த்தாள். பாய்ந்து பார்த்த பிறகு நாங்கள் குதிகாலால் உதைக்க வேண்டும். நான் உதைக்கவில்லை. கண்ணால் பார்த்தேன்.

இத்ரீஸ் சார் எட்டாம் லேனிலிருந்து வந்துகொண்டிருந்தார். நான்காம் லேனில் நிற்கும்போது மிஷின்காரர் கூப்பிட்டார். வயரில் ஏதோ. அவர் திரும்பும் முன் என்னைப் பார்த்தார். மீதி மூன்றும் சரிதானே என்று கேட்கிற பார்வை.

தலையாட்டினேன்.

எட்டு பேரும் குனிந்தார்கள். இடுப்பு உயர்ந்தது. மிஷின் கத்தியது. துப்பாக்கியும் இரண்டு தடவை வெடித்தது, இரண்டாவது திரும்ப அழைக்கிற வெடி. பெண்கள் பதினைந்து மீட்டர் போய்த் திரும்பி வந்தார்கள்.

திரும்ப அழைத்தால் பிளாக்கை மறுபடி சோதிக்க வேண்டும். அது எங்கள் பழக்கம். நினைத்துச் செய்வதில்லை. துப்பாக்கி இரண்டு தடவை வெடித்தால் கால் தானாக ஓடும். ஓடினேன். ஒன்று, இரண்டு உதைத்தேன். மூன்றில் உதைத்தபோது தண்டு முன்னும் பின்னும் ஆடியது. ஒரு நகத்தளவு. அந்த நிமிஷமே கொஞ்சம் தள்ளி வைத்து மிதித்து இறுக்கிவிட்டேன். இறுக்கின பிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது.

ரெஃபரி சிவப்பும் கறுப்புமாக ஒரு அட்டையை எடுத்து மூன்றாம் லேனுக்கு நேராகக் காட்டினார். ஃபௌசியா பிளாக்கைக் காட்டினாள். அது அசைந்தது, நான் அசையவில்லை என்று அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னாள். ரெஃபரி வந்து காலால் பிளாக்கை அழுத்தினார். பாறை மாதிரி நின்றது. நான் இறுக்கின இறுக்கு. ரெஃபரி தலையை ஆட்டினார், முடியாது என்று. அவள் என்னைப் பார்த்தாள். குற்றம் சொல்கிற பார்வை இல்லை. சாட்சி கேட்கிற பார்வை. நான் வயரைச் சுருட்டினேன்.

அவள் கோட்டுக்குப் பின்னால் போய்க் கூடைக்குப் பக்கத்தில் நின்றாள். அழவில்லை. மற்ற ஏழு பேர் ஓடி முடித்தார்கள்.

மூன்றாவது ஹீட்டுக்குப் பிளாக் மாற்ற வேண்டும். மூன்றாம் லேனில் எடுத்தேன். ட்ராக்கில் இரண்டு வரிசை. ஒன்று சும்மா துளைகள், நான் பிறகு மிதித்தது. பக்கத்தில் உள்ளது துளை இல்லை, கீறல். ஒவ்வொரு துளையும் பின்பக்கமாகக் கிழிந்து நீண்டிருந்தது. பிளாக் வழுக்கின தடம். அந்த இடத்தில் அடுத்த பிளாக்கை வைத்து மிதித்தால் எல்லாம் குழம்பிப் போகும். பிறகு யாரும் கண்டுபிடிக்க முடியாது.

பிளாக்கைக் கையில் வைத்துக்கொண்டு குந்தி இருந்தேன். ஸ்டான்லி அண்ணன் வந்தார். குனிந்து பார்த்தார். அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"வை" என்றார்.

நான் வைக்கவில்லை.

"எலே, அடுத்த மாசம் உனக்க விசா புதுக்கணும். வச்சிட்டு எழும்பு."

"நான் உதைக்கல்ல அண்ணே."

"எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். வேற ஆருக்கும் தெரியாண்டாம்."

"அவளுக்க சோறு போவும்."

"உனக்கது?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பாகிஸ்தான்காரிக்கு வேண்டியா மக்கா?"

அவர் கெட்ட மனுஷன் அல்ல. பயம். அவருக்கும் நான்கு லேன் உண்டு, அவருக்கும் வீடு உண்டு. நான் சொன்னேன்: "நீங்க காலையில கேரளத்துல சாயா குடிச்சிட்டு ரோட்டைக் கடந்து தமிழ்நாட்டுல மீன் வாங்குத ஆளு. நீங்களா அண்ணே இதைச் சொல்லுதது?"

அவர் தன் லேனுக்குப் போகவில்லை.

அப்போது இத்ரீஸ் சார் வந்தார். வழக்கம்போல் மூன்றாம் லேனுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பிளாக் வைக்காமல் இருக்கிறது, அதனால் வந்து நிற்கிறார். அவருக்கு வேறொன்றும் தெரியாது. நிழல் என் கையில் விழுந்தது. டி.வி.க்காரன் கத்தினான்.

எழுந்து நின்றேன். எனக்கு வந்த இங்கிலீஷும் இந்தியும் சேர்த்துச் சொன்னேன். "என் தப்பு சார். பழைய ஓட்டையில் வைத்தேன். உதைக்கவில்லை. நீங்கள் பார்த்தபோது தலையாட்டினேன். திரும்ப வந்ததும் நான்தான் இறுக்கினேன். அந்தப் பிள்ளை அசையவில்லை."

அவர் என்னைப் பார்க்கவில்லை. முழங்காலிட்டு உட்கார்ந்தார். வெள்ளைக் கால்சட்டை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து ஒரு கீறலில் முனையை வைத்தார். கிழிசல் முடியும் வரை இழுத்துப் பார்த்தார். எல்லாக் கீறலிலும் அதைச் செய்தார். பிறகு எழுந்து ரெஃபரியைக் கூப்பிட்டார். போட்டோ எடுக்கிற அதிகாரி வந்தார். எடுத்தார்கள். ரெஃபரி என்னிடம் கேட்டார், மறுபடியும் சொன்னேன். எழுதினார்கள். கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். அதற்குப் பிறகுதான் மூன்றாவது ஹீட். அந்தப் பிளாக்கை ஸ்டான்லி அண்ணன் வைத்தார், நான் கேட்காமலே.

என்மேல் எடுத்த நடவடிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று. ஒரு சீசன் பிளாக்கைத் தொடக் கூடாது, தாண்டி ஓடுகிற ஹர்டில் தடைகளைச் சுமக்க வேண்டும். விசா புதுக்கினார்கள். இத்ரீஸ் சார் என்னிடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஆனால் நான் பிளாக்குக்குத் திரும்பின பிறகு, அவர் ஓய்வு பெற்ற நாள் வரை, ஒரு தடவைகூட என் தலையாட்டலைக் கேட்கவில்லை. நான் வைத்த ஒவ்வொரு பிளாக்கையும் தன் ஷூவால் அழுத்திப் பார்த்தார். நான் நான்கு தடவை உதைத்து வைத்ததையும் பார்த்தார். எனக்கு அதில் சங்கடம் இல்லை. அது நியாயம்.

நான்காவது ஹீட்டும் முடிந்தது. ஒலிபெருக்கியில் சொன்னார்கள். இரண்டாவது ஹீட், மூன்றாம் லேன் பாகிஸ்தான், தடை நீக்கம், தனியாக ஓடலாம். கூட்டம் பாதி எழுந்து போயிருந்தது. மீதிப் பேருக்கு ஒன்றும் புரியவில்லை.

தனியாக ஓடுவது எளிது என்று நினைப்பார்கள். இல்லை. பக்கத்தில் காலடிச் சத்தம் இருந்தால்தான் கால் போகும். தனியாக ஓடினால் யாரானாலும் கொஞ்சம் குறையும். இவளோ முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றிருக்கிறாள். இதுவரை ஓடாத நேரத்தை ஓட வேண்டும்.

பிளாக்கை யார் வைப்பது என்று அண்ணன் கேட்டார். இத்ரீஸ் சார் என்னைக் காட்டினார்.

"நீயே வை."

அந்த மைதானத்தில் அவர் என்னிடம் நேராகச் சொன்ன வாக்கியங்கள் கொஞ்சம்தான். அதில் இது ஒன்று.

மூன்று விரல் தள்ளி இறக்கினேன். மிதித்தேன். உதைத்தேன். இன்னொரு தடவை உதைத்தேன். அண்ணன் வந்து அவரும் உதைத்தார். ஃபௌசியா அடி வைத்து அளந்தாள். அதே ஒன்றே முக்கால், அதே ஒன்றரை. ஒரு தடவை பாய்ந்து பார்த்துத் திரும்பி வந்தாள். மறுபடி உதைத்தேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் பிளாக் ஆடினால் பின்னால் ஒருவன் நின்று தன் காலை முட்டுக் கொடுப்பான். அப்படிக் கொடுக்கத்தான் அன்று மனம் வந்தது. இங்கே அனுமதி இல்லை.

நான் தப்பு செய்தேன் என்பது அவளுக்கு அதற்குள் தெரியும். மானேஜர் சொல்லியிருப்பார். மன்னிக்கச் சொல்ல வாயெடுத்தேன். அவள் கையால் நிறுத்தினாள். ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அசையாதுதானே, சாச்சா?"

"அசையாது மக்கா" என்றேன். பதில் எங்கள் பேச்சில் வந்துவிட்டது. அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை. தலைத் துணியை இறுக்கினாள்.

இத்ரீஸ் சார் தனியொரு பிளாக்குக்காக எட்டாம் லேனிலிருந்து நடந்து வந்தார். ஷூ முனையை வைத்து அழுத்தினார். பிறகு தன் இடத்துக்குப் போனார். கூடைக்கார மாணவிகள் எட்டு பேரும் போகாமல் வரிசையாக நின்றார்கள். டி.வி.க்காரன் கேமராவை மூடிவிட்டான்.

அவள் குனிந்தாள். விரல்களைக் கோட்டுக்குப் பின்னால் வைத்தாள். இடுப்பு உயர்ந்தது. நான் பிளாக்கைப் பார்த்தேன். அவளைப் பார்க்கவில்லை. வெடித்தது.

பிளாக் அசையவில்லை. அதற்குப் பிறகுதான் தலையை நிமிர்த்தினேன். முதுகு குனிந்தே இருந்தது. முப்பது வரை குனிந்து போனாள். நாற்பதில் நிமிர்ந்தாள். எட்டு லேன் அகலத்தில் ஒருத்தி. கைதட்டல் இல்லை. ஆணிச் செருப்பு ரப்பரைக் குத்துகிற சத்தம் எங்கள் வரை கேட்டது. எழுபதில் கால் துவளும் என்று காத்திருந்தேன். துவளவில்லை. எண்பதில் தோள் இறுகும் என்று நினைத்தேன். இறுகவில்லை. கோட்டில் நெஞ்சைக் கொடுத்து விழுந்தாள், பக்கத்தில் யாரோ ஓடி வந்ததுபோல.

நேரப் பலகையில் எண் நின்றது. 12.00.

"பன்னெண்டு" என்றார் ஸ்டான்லி அண்ணன்.

முதலில் நிற்கும் எண் கடைசி எண் அல்ல. கோட்டில் எடுத்த படத்தைப் பார்த்துத்தான் சரியான நேரத்தைப் போடுவார்கள். ஒன்றிரண்டு கூடும், குறையும். கூடினதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவள் அந்தப் பக்கம் ட்ராக்கில் இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்து பலகையைப் பார்த்தாள். இந்தப் பக்கம் இத்ரீஸ் சார் துப்பாக்கியைத் தொங்கவிட்டு நின்றார். நானும் அண்ணனும் பிளாக்கை எடுக்கவில்லை. பலகை ஒரு தடவை அணைந்தது. பேர் வந்தது. நாடு வந்தது. பிறகு நேரம் வந்தது.

11.98.